பால்பியானெல்லோ: கல்யாணத்துக்கு வாடகைக்கு விடலாமா?

தீபிகா படுகோன் - ரன்வீர் சிங் கல்யாணம் ஞாபகம் இருக்கா மக்களே? 2018 நவம்பர் 14, 15. ஒரு நாள் கொங்கணி முறை, மறுநாள் சிந்தி முறை. இத்தாலியில கோமோ ஏரிக்கரையில நடந்தது. தூரத்துல இருந்து எடுத்த மங்கலான போட்டோவை எல்லாம் வச்சுக்கிட்டு, "அந்தக் குடைக்குக் கீழ தெரியற சிவப்பு தீபிகாவா?"ன்னு ஒரு நாடே மண்டையை உடைச்சுக்கிச்சு. புடவை, நகை, மெனு எல்லாத்தையும் பத்தி பக்கம் பக்கமா எழுதினாங்க. அந்த வீட்டைப் பத்தி மட்டும் "அழகான இத்தாலிய மாளிகை"ன்னு ஒரே வரி. அதோட சரி.

அந்த வீட்டோட பேர் வில்லா டெல் பால்பியானெல்லோ. இந்தப் பதிவு அதைப் பத்தித்தான். கூடவே ஒரு வாதமும் இருக்கு. இந்த மாதிரி சரித்திரம் உள்ள இடங்களைக் கல்யாணத்துக்கும் சினிமா ஷூட்டிங்குக்கும் வாடகைக்கு விடறது சரியா தப்பான்னு. "கலைச்சின்னத்தைப் போய் கல்யாண மண்டபம் ஆக்கிட்டாங்களே, காசுக்காக என்ன வேணா செய்வாங்க"ன்னு சொல்றவங்க நிறைய பேர். எனக்கு அதுல உடன்பாடு இல்லை. ஏன்னு சொல்றதுக்கு முன்னாடி வீட்டோட கதையைச் சொல்லியாகணும். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கோங்க.

கார்டினலின் ஆசை

கோமோ ஏரி தலைகீழ் 'ஒய்' எழுத்து மாதிரி இருக்கும். அதோட மேற்குக் கரையில லென்னோன்னு ஒரு ஊர். அங்கேயிருந்து மரம் அடர்ந்த ஒரு குன்று ஏரிக்குள்ள மூக்கு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கு. அந்த மூக்கு நுனியிலதான் பால்பியானெல்லோ. மூணு பக்கமும் தண்ணி. படகுல போகலாம், இல்லேன்னா காட்டுப் பாதையில நடந்து போகலாம்.

முதல்ல அங்க இருந்தது ஃபிரான்சிஸ்கன் துறவிகளோட மடம். இன்னிக்கும் வீட்டுக்குப் பக்கத்துல ரெண்டு சின்ன மணிக்கூண்டு நிக்கும். போட்டோல பார்த்தா "இது வீடா, சர்ச்சா?"ன்னு சந்தேகம் வரும். அது அந்தப் பழைய மடத்து தேவாலயத்தோட மிச்சம்.

கார்டினல் ஆஞ்சலோ மரியா துரினின்னு ஒருத்தர். மிலன் நகரத்துப் பெரிய குடும்பம். போலந்து நாட்டுக்கு போப்பாண்டவரோட தூதரா இருந்தவர். அரசியல் எல்லாம் போதும்னு ஏரிப் பக்கம் ஒதுங்கினார். பக்கத்துலயே ஒசூச்சோங்கிற ஊர்ல வில்லா பால்பியானோன்னு ஒரு பெரிய மாளிகையை ஏற்கனவே வாங்கி வச்சிருந்தார். அது போதாதா? போதலை. அவருக்கு எதிர்ல இருக்கிற கொமாச்சினா தீவு மேல ஒரு கண்ணு. அது கிடைக்கலைன்னதும் இந்தக் குன்று முனையைப் பிடிச்சார். 1787-ல மடத்தை ஒட்டி இந்த வீட்டைக் கட்டினார். பெரிய வீட்டுக்குப் பேர் பால்பியானோ, சின்ன வீட்டுக்கு பால்பியானெல்லோ. (இத்தாலியில கடைசியில 'எல்லோ' சேர்த்தா 'குட்டி'ன்னு அர்த்தம். நம்ம தமிழ்ல 'சின்ன வீடு'ன்னு எழுதினா வேற அர்த்தம் வந்துடும், அதனால வேணாம் :-))

இங்க ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். இது விவசாயப் பண்ணை வீடு இல்லை. துரினி இதைக் கட்டினதே நாலு பேரைக் கூப்பிட்டு உட்கார வச்சுப் பேசறதுக்குத்தான். குன்றோட உச்சியில ரெண்டு பக்கமும் ஏரி தெரியற மாதிரி, தூண் வளைவுகளோட ஒரு திறந்த மண்டபம் கட்டினார். அதுக்கு ஒரு பக்கம் புத்தக அறை, இன்னொரு பக்கம் சங்கீத அறை. கவிஞர்கள், படிச்சவங்க எல்லாம் வந்து தங்கினாங்க. அதாவது, 'விருந்தாளிங்களுக்கான இடம்'ங்கறது 2018-ல யாரோ மார்க்கெட்டிங் ஆள் கண்டுபிடிச்சது இல்லை. முதல் கல் வச்ச அன்னிக்கே இருந்தது.

புரட்சிக்காரங்க கூடின வீடு

1796-ல துரினி போய்ச் சேர்ந்தார். வீடு மருமகன் உறவுல லூயிஜி போர்ரோ லாம்பெர்தெங்கி கைக்கு வந்தது. இங்கதான் கதை சூடு பிடிக்குது.

அப்ப வட இத்தாலி ஆஸ்திரியாக்காரன் கையில. போர்ரோ, ஆஸ்திரிய ஆட்சியை எதிர்த்த கார்பொனாரி ரகசிய இயக்கத்து ஆள். 1818-ல 'இல் கொன்சிலியத்தோரே'ன்னு ஒரு பத்திரிகை ஆரம்பிச்சாங்க, பணம் போட்டவங்கள்ல இவரும் ஒருத்தர். இலக்கியப் பத்திரிகைன்னுதான் பேரு, ஆனா வரிக்கு வரி உள்குத்து. தணிக்கைக்காரன் விடுவானா? அடுத்த வருஷமே மூடு விழா. அந்தப் பத்திரிகையோட முக்கிய ஆள் சில்வியோ பெல்லிகோ. இவர் போர்ரோவோட பசங்களுக்கு வாத்தியாராவும் இருந்தார். அந்தப் பழக்கத்துல பால்பியானெல்லோவுல வந்து தங்கி இருக்கார்.

1820-ல பெல்லிகோ கைது. மரண தண்டனை விதிச்சு, அப்புறம் பதினஞ்சு வருஷ சிறையா குறைச்சாங்க. ஸ்பீல்பெர்க் கோட்டைச் சிறையில கிடந்து 1830-ல வெளிய வந்தார். 1832-ல தன் சிறை வாழ்க்கையைப் புத்தகமா எழுதினார். ஐரோப்பா முழுக்க வாசிச்ச புத்தகம் அது. போர்க்களத்துல தோத்ததை விட இந்தப் புத்தகத்தால ஆஸ்திரியாவுக்கு நஷ்டம் அதிகம்னு சொல்ற அளவுக்குப் பேர் வாங்கிச்சு. போர்ரோ மாட்டிக்கறதுக்கு முன்னாடி நாட்டை விட்டு ஓடிட்டார்.

யோசிச்சுப் பாருங்க. இன்னிக்குப் பொண்ணு மாப்பிள்ளை நின்னு சிரிச்சுக்கிட்டு போஸ் கொடுக்கிற அந்த மொட்டை மாடித் தோட்டத்துல ஒரு காலத்துல நடந்தவங்க, அடுத்த மாசம் உயிரோட இருப்போமான்னு தெரியாம ஒரு நாட்டைப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தாங்க. இதை ஒரு கல்யாண ஆல்பமும் சொல்லாது. என் குறை அதுல மட்டும்தான். அதுக்கு அப்பாலிக்கா வரேன்.

பாழடைஞ்ச வருஷங்கள்

போர்ரோகிட்ட இருந்து ஜுசெப்பே ஆர்கொனாத்தி விஸ்கோந்தி வாங்கினார். அவரும் அதே கூட்டாளிதான். தோட்டத்தையும் மேல் மண்டபத்தையும் செப்பனிட்டார். கைப்பிடிச் சுவர்ல இருக்கிற பாம்புச் சின்னம் அவங்க குடும்ப முத்திரை. அதுக்கப்புறம் வாரிசுகளுக்கு ஆர்வம் போயிடுச்சு. 19-ம் நூற்றாண்டு முடியறப்ப வீடு கவனிப்பாரில்லாம கிடந்தது. கிட்டத்தட்ட முப்பது வருஷம்.

இந்த முப்பது வருஷத்தை எல்லாரும் ஒரு வரியில தாண்டிப் போயிடறாங்க. என் வாதமே இதுல இருந்துதான் ஆரம்பிக்குது. பழைய வீட்டோட எதிரி கல்யாணக் கூட்டம் இல்லைங்க. ஆள் இல்லாத வீடுதான் சாகும். ஓடு ஒண்ணு நகர்ந்தா அன்னிக்கே ஏறி நகர்த்தி வைக்க ஆள் வேணும். விட்டா தண்ணி இறங்கும், உத்தரம் உளுக்கும், அடுத்த குளிர்காலத்துல கூரை கீழ கிடக்கும். யாரும் வராத வீட்டுல புனிதம் இருக்கலாம், கூரை இருக்காது.

1919-ல ஒரு அமெரிக்கர் வாங்கினார். பட்லர் ஏம்ஸ். மாசசூசெட்ஸ் மாநிலத்துல இருந்து நாடாளுமன்ற உறுப்பினரா இருந்தவர், ராணுவ ஜெனரல். அவர்தான் வீட்டையும் தோட்டத்தையும் தூக்கி நிறுத்தினார்.

மலையேறி வந்த மனுஷன்

1974-ல அடுத்த கைமாற்றம். இந்தத் தடவை வந்தவர் குய்தோ மொன்சினோ. இவரைப் பத்தித் தனிப் பதிவே போடலாம்.

அப்பா ஸ்டாண்டாங்கிற கடைகளை நடத்தினவர். இத்தாலி முழுக்க கிளை இருந்த பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர். (ஆரம்பத்துல 'ஸ்டாண்டர்ட்'னு பேர் வச்சிருந்தாங்க. முசோலினி காலத்துல அந்நிய மொழிப் பேர் ஆகாதுன்னு சொன்னதால வாலை வெட்டி 'ஸ்டாண்டா' ஆக்கினாங்க!) பையன் கடையையும் பார்த்துக்கிட்டார், மலையும் ஏறினார். இருபதுக்கு மேல பயணங்கள். 1971-ல நாய் வண்டியில வட துருவம் போனார். 1973-ல எவரெஸ்டுக்கு முதல் இத்தாலியக் குழுவைக் கூட்டிக்கிட்டுப் போனார். அஞ்சு இத்தாலியர்களும் மூணு நேபாளிகளும் உச்சியைத் தொட்டாங்க. மலை மேல சாமான் தூக்க ஹெலிகாப்டர் எல்லாம் கொண்டு போய், அதுக்காகத் திட்டும் வாங்கினார்.

அடுத்த வருஷம் இந்த வீட்டை வாங்கி தன் வாழ்க்கையை முழுசா இதுக்குள்ள கொண்டு வந்து வச்சுட்டார். மேல் மாடியில பயண அருங்காட்சியகம். துருவத்துக்குப் போன சறுக்கு வண்டி இன்னும் இருக்கு. துரினியோட மண்டபத்துல, ஒரு அறையில மலையேற்றப் புத்தகங்கள், இன்னொண்ணுல வரைபடங்கள். சீனக் கலைப்பொருட்கள், ஆங்கிலேய மரச்சாமான்கள்னு அது ஒரு பக்கம். அது பணக்காரங்களைக் கடத்திக்கிட்டுப் போற 1970-கள். அதனால வீட்டுக்குள்ள ரகசிய வழிகளும் வச்சுக்கிட்டார்.

1988-ல, 60 வயசுல இறந்துட்டார். வீட்டை ஃபாய் அமைப்புக்கு உயில் எழுதி வச்சார். அவரோட உடல் அந்தத் தோட்டத்துலயே, பழைய காலத்துல ஐஸ் சேமிச்சு வச்ச அறையில இருக்கு.

ஃபாய்ங்கறது 1975-ல ஆரம்பிச்ச ஒரு தனியார் அறக்கட்டளை. இங்கிலாந்தோட நேஷனல் டிரஸ்டை மாதிரியா வச்சு, ஜூலியா மரியா கிரெஸ்பியும் நண்பர்களும் தொடங்கினது. அரசாங்கத் துறை இல்லை. உறுப்பினர் சந்தா, நன்கொடை, டிக்கெட், வாடகை, இதுலதான் வண்டி ஓடணும்.

சரி, செலவு யார் பண்றது?

இப்ப விஷயத்துக்கு வருவோம்.

பால்பியானெல்லோ தோட்டத்தைப் பார்த்தீங்கன்னா தெரியும். அது ஒரு பாறைக் குன்று. வழக்கமான இத்தாலியத் தோட்டம் மாதிரி அளவெடுத்துக் கட்டம் போட இடமே கிடையாது. இருக்கிற மரங்களை வெட்டி வெட்டித்தான் அழகு பண்ணி இருக்காங்க. பிளேன் மரங்களைக் கிளை விளக்குத் தண்டு மாதிரி கத்தரிச்சு வச்சிருப்பாங்க. ஒரு பெரிய ஓக் மரம் இருக்கு, குடையை விரிச்சு வச்ச மாதிரி. அந்த வடிவம் தானா வராது. தோட்டக்காரங்க உள்ள ஏறி, கையால கத்தரிக்கணும். மண்டபத்துத் தூண்ல கொடி அத்தி ஒண்ணு சுத்திக்கிட்டுப் போகும், சரிகைக் கரை மாதிரி. அதையும் விட்டா சுவரைத் தின்னுடும். இது ஒரு தடவை செஞ்சு முடிக்கிற வேலை இல்லை, வருஷா வருஷம், காலாகாலத்துக்கும். இந்தக் கூலியை 'பாரம்பரியம்'ங்கற வார்த்தையால கொடுக்க முடியாது. காசாத்தான் கொடுக்கணும்.

இது இந்த ஒரு வீட்டோட பிரச்சினையும் இல்லை. வெனிஸைச் சுத்தி இருக்கிற வெனெட்டோ பக்கம் மட்டும் 4000-க்கும் மேல வில்லாக்கள் கணக்குல இருக்கு. பல்லாடியோ கட்டின வில்லாக்களைப் பாருங்க, நடுவுல கோவில் மாதிரி முகப்பு, ரெண்டு பக்கமும் நீளமா இறக்கை. அந்த இறக்கை என்னன்னா தானியக் கிடங்கும் மாட்டுக் கொட்டகையும்! நிலம் சம்பாதிச்சது, வீடு நிமிர்ந்து நின்னுச்சு. டஸ்கனியில வாரக் குடித்தனம். உழவர் குடும்பம் பாடுபட்டு விளைச்சல்ல பாதியை வில்லாக்காரனுக்குக் கொடுக்கணும். இரண்டாம் உலகப் போருக்கு அப்புறம் அந்த உழவர்கள் தொழிற்சாலை வேலை தேடி நகரத்துக்குப் போயிட்டாங்க. போனது நியாயமும்கூட. 1964-ல புது வார ஒப்பந்தம் போடக்கூடாதுன்னு சட்டமே வந்துடுச்சு. வில்லாவுக்குச் சோறு போட்ட கை நின்னுபோச்சு.

அதனால "அந்தக் காலத்துல எவ்வளவு கௌரவமா இருந்த வீடு, இப்ப வாடகைக்கு விடறாங்க"ன்னு உச்சுக் கொட்டறவங்களைப் பார்த்தா எனக்கு ஒண்ணு கேக்கத் தோணுது. அந்தக் கௌரவத்துக்கு அன்னிக்குக் காசு கொடுத்தது யாரு? பாதி விளைச்சலைக் கொடுத்துட்டுப் பசியோட படுத்தவன்தானே? இன்னிக்குக் காசு கொடுக்கறது விருப்பப்பட்டு வர்ற ஒரு கல்யாண ஜோடி, ஒரு சினிமா கம்பெனி. என்னைக் கேட்டா இதுதான் கௌரவமான வருமானம்.

சினிமான்னதும் ஞாபகம் வருது. 2002-ல வந்த ஸ்டார் வார்ஸ் படத்துல அனகினும் பட்மேயும் ரகசியமா கல்யாணம் பண்ணிக்கிறது இந்த மாடியிலதான். 2006-ல 'கேசினோ ராயல்' படத்துல ஜேம்ஸ் பாண்ட் அடிபட்டு உடம்பு தேறி உட்கார்ந்திருக்கிறதும் இங்கதான். தீபிகாவுக்கு முன்னாடியே அந்த மாடியில கல்யாணம் ஆயாச்சு மக்களே, என்ன, வேற கேலக்ஸிக்காரங்க :-)

எதிர்க்கட்சி வாதம்

மூணு வாதம் கேக்கறேன்.

ஒண்ணு, "பொதுமக்களை வெளிய நிறுத்திட்டுப் பணக்காரனுக்குக் கதவு திறக்கறாங்க." இதுல நியாயம் இருக்கு. ஆனா இதுக்கு என்கிட்ட ஒரு அளவுகோல் இருக்கு. மறுநாள் யார் வேணும்னாலும் டிக்கெட் வாங்கி உள்ள போக முடியுதா? அவ்வளவுதான் கேள்வி. துரினியோட ரெண்டு வீட்டையே எடுத்துக்கோங்க. பெரிய பால்பியானோ இன்னிக்குத் தனியார் கையில. அங்கயும் விழா நடக்குது, அங்கயும் ஷூட்டிங் நடந்தது (2021-ல வந்த 'ஹவுஸ் ஆஃப் குச்சி'). ஆனா நீங்களும் நானும் ஒரு டிக்கெட்டை எடுத்துக்கிட்டு சாதாரணமா நுழையற இடம் இல்லை அது. குட்டி பால்பியானெல்லோவுல சீசன் சமயம் கொஞ்சம் யூரோ கொடுத்தா மொன்சினோவோட புத்தக அறை வரைக்கும் போகலாம். ஒரே கார்டினல், ஒரே ஏரி, பக்கத்துப் பக்கத்து ஊர். வித்தியாசம் ஒரு உயில். அதனால எந்த வீட்டையும் "கல்யாணம் நடத்தறியா?"ன்னு கேக்காதீங்க, "மத்த நாள் கதவு திறந்திருக்கா?"ன்னு கேளுங்க.

ரெண்டு, "கூட்டம் வந்தா பழைய வீடு தேஞ்சு போகும்." உண்மை. ஆனா டூரிஸ்ட் காலும் கால்தான். மாசக்கணக்குல தினமும் வர்ற வரிசையை விட, எண்ணி அழைச்ச விருந்தாளிங்க ரெண்டு நாள் தோட்டத்துல நிக்கறது பெரிய சேதம் ஆகாது. ஆணி அடிக்கறது, சுவர்ல விளக்கு மாட்டறது, மரக் கிளையில சீரியல் பல்பு சுத்தறது இதெல்லாம்தான் சேதம். இத்தாலியில பாதுகாக்கப்பட்ட கட்டடத்துல இஷ்டத்துக்கு இடிச்சுக் கட்ட முடியாது, அதுக்குன்னு இருக்கிற அரசு அலுவலகத்தோட அனுமதி வேணும். அந்தக் கண்டிப்பை விழா நாள்லயும் தளர்த்தாம இருந்தா போதும்.

மூணாவதுதான் எனக்கே உறுத்தற வாதம். "சரித்திரம் வெறும் பின்னணித் திரை ஆயிடுது." ஆமாம். ஆயிடுது. கோடிக்கணக்கான பேர் அந்த மாடியைப் போட்டோல பார்த்தாங்க. பெல்லிகோ பேர் எத்தனை பேருக்குத் தெரிஞ்சது? ஸ்டூடியோவுல செட் போட்டாலும் அதே படம்தான் வந்திருக்கும்னா, உண்மையான இடம் எதுக்கு?

ஆனா இதுக்குத் தீர்வு கதவை மூடறது இல்லைன்னு நினைக்கறேன். கதையைச் சேர்த்துக் கொடுக்கணும். கல்யாணப் பத்திரிகையில ஜோடியோட அப்பா அம்மா தாத்தா பாட்டி பேர் எல்லாம் போடறாங்க இல்லையா? கூடவே அந்த வீட்டோட தாத்தா பாட்டி பேரும் ஒரு பக்கம் இருக்கட்டுமே. துரினி, போர்ரோ, பெல்லிகோ, மொன்சினோ. வாடகை ஒப்பந்தத்துலயே இதை ஒரு நிபந்தனையா வைக்கலாம். சினிமாக்காரங்க நன்றி அட்டை போடற மாதிரி. காசு செலவு கிடையாது. வர்ற நூறு பேர்ல பத்து பேர் படிச்சாலும் லாபம்தான்.

இன்னொண்ணு. வாடகைப் பணம் அந்த வீட்டுக்கே போகுதான்னு வெளிப்படையா எழுதி வைக்கணும். "இந்த ஓக் மரத்தை இந்த வருஷம் கத்தரிச்சது போன வருஷம் நடந்த கல்யாணக் காசுல"ன்னு ஒரு பலகை இருந்தா, கேள்வி கேக்கிறவன் வாய் தானா அடைஞ்சிடும். ஜோடிக்கும் பெருமை. மொய்ன்னா இதுதான் மொய்!

மடமா இருந்தது, கார்டினலோட விருந்து மண்டபம் ஆச்சு, ரகசியக் கூட்டம் போட்ட இடம் ஆச்சு, பாழடைஞ்சது, ஒரு மலையேறியோட அலமாரி ஆச்சு, இப்ப ஊருக்கே பொதுவாகி வாடகைக்கும் போகுது. இதுல அந்த வீட்டுக்கு அவமானமா இருந்த காலம்னா அது யாருமே வராத அந்த முப்பது வருஷம்தான்.

உங்க கருத்து என்ன? மாத்துக் கருத்து இருந்தா பின்னூட்டத்துல தாராளமா கும்முங்க, வாங்கிக்கத் தயார்.

டிஸ்கி: புடவை என்ன கலர், சாப்பாடு என்ன மெனுன்னு கேட்டு வர்ற பின்னூட்டங்களுக்குப் பதில் கிடையாது. ஓக் மரம் பத்திக் கேட்டா விடிய விடிய பேசுவேன்.